அடிக்கட்டை எந்தப் பக்கம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாண்ட நேத்து மறுபடியும் அந்த மஞ்சக் கலர் இரும்புத் தடுப்பக் கொண்டாந்து ரோட்டுக்குக் குறுக்கால வச்சிட்டாங்க. யாரோ பெரிய ஆளு வர்றாராம். யாருன்னு கேட்டா அங்க நின்னுக்கினு இருந்த போலீஸ்காரப் பையனுக்கே தெரியல. நான் தடுப்புக்கு இந்தாண்ட போய்ப் பாத்தேன், அந்தாண்ட போய்ப் பாத்தேன். இன்னாம்மா தேடற, எதனா தொலைச்சிட்டியான்னு கேட்டான். யாரு தடுக்கறது, யாரத் தடுக்கறதுன்னு பாக்கறேன்ப்பான்னு சொன்னேன். சிரிச்சிக்கினு போய்ட்டான்.

நீங்க சிரிக்காதீங்க. நம்ம வயசுக்காரங்களுக்கு இது புரியணும். இரும்புத் தடுப்புல ஒண்ணும் தெரியறதில்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாரி கீது, ரெண்டு பக்கமும் ஏதோ நகைக்கடைக்காரன் பேரு. முள்ளு அப்படி இல்ல. வேலிக்காத்தான், சீமைக்கருவேல முள்ளுதான், அது கெளைய வெட்டினா அடிக்கட்டையப் புடிச்சித்தான் இழுத்துக்கினு வர முடியும், நுனியில கை வைக்க முடியாது. குறுக்கால போடும்போதும் கட்டை போடறவன் பக்கம் வரும், நுனி எவனைத் தடுக்கறமோ அவன் பக்கம் போகும். மாத்திப் போடவே வராது. வேலியப் பாத்த ஒடனே கட்டை எந்தப் பக்கம்னு குனிஞ்சி பாத்தா போதும், போட்டவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சிடும். எங்க காலனியில நடக்கக் கத்துக்கினதுமே புள்ளைங்க இத்தக் கத்துக்கும்.

தடுப்புன்னா எல்லாத் தடுப்பும் ஒண்ணு இல்ல. நாத்தங்காலுக்கு ஆடு வராம போடறது ஒண்ணு. ஊர்ல காப்பு கட்டிட்டா எல்லையில வேப்பந்தழை கட்டறது ஒண்ணு. திருவிழா அன்னிக்கி காலனி ஜனம் உள்ள வந்துடப் போவுதுன்னு தெரு முனையில போடறது இன்னொண்ணு. நான் பொறந்தது காலனியில, அதனால கடைசியா சொன்னதுதான் எனக்கு மொதல்ல தெரிஞ்சது. ஆனா நான் சொல்ல வந்தது இதுல எதுலியும் சேராத ஒரு தடுப்பு. அத்தப் பாத்தப்ப எனக்கு ஒம்போது பத்து வயசு இருக்கும்.

அந்த வருசம் சொர்ணவாரி, அதான் சித்திரை வைகாசிப் பட்டம், அந்த நடவு நேரத்துல திடீர்னு ஒரு மழை பேஞ்சி ஓஞ்சிது. ஓஞ்ச கையோட ஊர்ல மாடுங்க சாவ ஆரம்பிச்சிது. காலையில நல்லா நின்னுக்கினு இருந்த மாடு மத்தியானம் வயிறு ஊதி, மூக்குல கருப்பா ரத்தம் வடிஞ்சி, காலை நீட்டிடும். அடைப்பான் நோவுன்னு பேரு சொல்லத் தெரிஞ்சிது, ஏன் வருதுன்னு சொல்ல யாருக்கும் தெரியல. தெரியலன்னா ஜனம் சும்மா இருக்குமா? ஊர்க்காரங்க, காலனிக்காரன் தோலுக்காக வெஷம் வைக்கறான்னாங்க. எங்க ஆளுங்க, ஊர்க்காரன் எவனோ பங்காளித் தகராறுல செய்வினை வச்சிட்டு நம்ம தலையில போடறான்னாங்க. ரெண்டு பக்கமும் சேந்து சந்தேகப்பட்டது தோல் பாயத்தான். பாவம், அந்த மனுசன் உத்திரமேரூர் பஜார்லேர்ந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து தோல் வாங்கிக்கினு போறவரு. அவரு ஒரு தெருவுல நின்னு பீடி பத்த வச்சாக்கூட மறுநா அந்தத் தெருவுல செத்த மாட்டுக்கு அவருதான் காரணம்னு ஆயிடும்.

ஊர்ல மாடு செத்தா எங்க ஆம்பளைங்கதான் போய் இழுத்துக்கினு வரணும். கூப்டா போகணும், முடியாதுன்னு சொல்ற பேச்சே கெடையாது. காலில கயிறு கட்டி, ஊருக்கும் காலனிக்கும் நடுவுல கீற வண்டிப் பாதை வயியா இழுத்தாந்து, எங்க தெருவத் தாண்டி மேட்டுல போட்டு தோல் உரிப்பாங்க. பாதைக்கு ரெண்டு பக்கமும் பண்ணையோட நஞ்சை, ஊர்ல பெரிய நெலத்துக்காரருக்குப் பண்ணைன்னுதான் பேரு. சேத்துல நாத்து நட்டுக்கினு இருக்கறப்ப வரப்பு மேல மாட்ட இழுக்க முடியாது, பண்ணை உசுரோட விடமாட்டாரு. அந்த ஒரே பாதைதான். எங்க நைனா பண்ணையிலியே மாட்டுக்காரன். ஏர் மாட்டுக்குத் தண்ணி காட்டறது, வேலி போடறது, எல்லாம் அவருதான். பண்ணை வூட்டுக் கொட்டகையில மாடு செத்தா மொத கயிறு அவரு கையிலதான்.

எங்க எதிர்வூட்டு சித்தப்பா ஒருத்தரு இருந்தாரு, நல்லா விசில் அடிப்பாரு. அவரு பண்ணையோட பசு ஒண்ண உரிச்சிட்டு வந்தாரு. ரெண்டு நா கழிச்சி முழங்கைக்கிட்ட கொசு கடிச்ச மாரி ஒரு தடிப்பு. அப்பறம் அது நடுவுல கருப்பாச்சி. வலியே இல்லன்னு எல்லாருக்கும் காட்டிக்கினு திரிஞ்சாரு. நானே தொட்டுப் பாத்திருக்கேன், கரி வச்ச மாரி இருந்திச்சி. ஒரு வாரத்துக்குள்ள கை வீங்கி, காய்ச்சல் வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வயியிலியே போய்ட்டாரு. சித்தி கைப்புள்ளைய மடியில போட்டுக்கினு கதவாண்டயே ஒக்காந்துகினு இருந்தாங்க. யாரு கூப்டாலும் எழுந்துக்கல.

ஆம்பளைங்க அதையும் செய்வினைன்னாங்க. ஆனா தோல் பாய் அந்த வாரம் வந்தப்ப ஒண்ணு சொன்னாரு. அவரு சைக்கிள விட்டு எறங்கக்கூட இல்ல. இந்தத் தோலு எனக்கு வேணாம், நோவு மாடு, உரிக்கவே உரிக்காதீங்க, வாணியம்பாடியில எங்க ஆளு ஒருத்தன் கையிலயும் இதே கருப்புப் புண்ணு வந்து போய்ச் சேந்துட்டான்னாரு. எங்க நாட்டாமை, அதான் காலனிக்குப் பெரியவரு, அவரு சிரிச்சாரு. வெலையக் கொறைக்க பாய் கட்டற கதைடான்னாரு. ஆம்பளைங்க எல்லாம் கூடச் சேந்து சிரிச்சாங்க. எங்க அம்மா கொழாயாண்ட கொடத்த வச்சிட்டு நின்னுக்கினு கேட்டாங்க. அவங்க சிரிக்கல.

இதுக்கு நடுவுல எங்க அக்காவுக்கு ஓரிக்கையில மாப்ள பாத்து முடிவாயிருந்திச்சி. பாக்கு மாத்த, நிச்சயம் பண்ணத்தான், நாளும் குறிச்சாச்சி. எங்க பக்கத்துல பாக்கு மாத்தறப்ப பொண்ணு வூட்டுக்குப் பின்னால தெருவே வந்து நிக்கணும், நாட்டாமை கையாலதான் தட்டு மாறணும். தெரு நிக்காத வூட்ல பொண்ணு எடுக்கமாட்டாங்க. அதுல இன்னா கொறையோன்னு எழுந்து போய்க்கினே இருப்பாங்க. அக்கா புது ரவிக்கைக்குக் கொக்கி வச்சிக்கினு, எனக்கு ஒரு பாவாடை தைக்கிறேன்னு சொல்லிக்கினு, பாட்டா பாடிக்கினு இருந்தாங்க.

ஒரு நா காலையில நைனா பண்ணைக்குக் கெளம்பிப் போனவரு போன வேகத்துல திரும்பி வந்தாரு. பாதையில முள்ளு போட்டு கீதுன்னாரு. தெருவே ஓடிச்சி, நானும் ஓடினேன். ஊருக்கும் எங்களுக்கும் நடுவுல, ரெண்டு பனை மரத்துக்கு நடுவுல பாதை குறுகற எடத்துல, வேலிக்காத்தான் கெளைங்கள அடுக்கி ஆள் ஒசரத்துக்கு அடைச்சிருந்திச்சி. பச்ச வாசனை கூடப் போகல, வெட்டின எடத்துல பிசின் இருந்திச்சி.

ஊர்க்காரனுங்க அடைச்சிட்டானுங்கடான்னு ஒருத்தன் கத்தினான். வெஷம் வைக்கறோம்னு நம்மள உள்ள வச்சி அடைக்கறானுங்கன்னு இன்னொருத்தன். எங்க ஆம்பளைங்களுக்கு வந்திச்சி பாருங்க ரோசம். இனிமே அவன் மாட்ட அவனே இழுத்துக்கட்டும், ஒருத்தனும் போகக்கூடாதுன்னு அங்கியே பேசினாங்க. பொம்பளைங்க எல்லாம் பின்னால ஒண்ணா நின்னுக்கினு வாயே தொறக்கல. அதுவே எனக்கு ஒரு மாரியா இருந்திச்சி. எங்க தெருப் பொம்பளைங்க ஒரு கோழி காணாம போனாலே ஊரக் கூட்டறவங்க.

அப்பதான் நாட்டாமை குனிஞ்சி பாத்தாரு. பாத்துட்டு நிமிந்தாரு. மறுபடியும் குனிஞ்சி பாத்தாரு.

"அடிக்கட்டை நம்ம பக்கம் கீதே"ன்னாரு.

ஒவ்வொருத்தனா குனிஞ்சி பாத்தான். எல்லாக் கட்டையும் எங்க பக்கம், நுனியெல்லாம் ஊர் பக்கம். அப்படின்னா போட்டது எங்க தெரு ஆளு. நம்ம பாதைய நாமளே எவன் அடைப்பான்? எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்தாங்க. கொஞ்ச நேரத்துல எல்லார் கண்ணும் எங்க நைனா மேல வந்து நின்னுச்சி.

அவங்க கணக்கும் தப்பு இல்லன்னுதான் இப்ப தோணுது. தெருவுல வேலி போடத் தெரிஞ்சவரு அவரு. முள்ளத் தள்ளி வைக்க நீட்டா ஒரு கவைக்கோல் வச்சிருப்பாங்களே, நுனி ரெண்டாப் பிரிஞ்ச கோலு, அது அவரு ஒருத்தர்கிட்டதான் இருந்திச்சி. பண்ணை சோறு துன்றவரு வேற. பண்ணை இவன் கையிலியே முள்ளு போட வச்சிட்டு, நாளைக்கு போலீசு வந்தா பாருங்க, குத்தம் பண்ணவனுங்க அவனுங்களே கதவ சாத்திக்கினு கீறானுங்கன்னு காட்டப் போறாருன்னு ஒரு பேச்சு. நெருப்பு இல்லாம புகையுமான்னு ஒரு பேச்சு. நைனா நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லிக்கினே இருந்தாரு. எத்தினி வாட்டி சொன்னாரோ அத்தினி வாட்டி சந்தேகம் ஏறிச்சி.

சரி, எடுத்துப் போட்டுட்டா முடிஞ்சிது இல்ல? அதான் முடியாது. தொட்டவன்தான் போட்டவன்னு ஆயிடும். எங்க ஆளுங்க ஒருத்தரும் தொடல. ஊர்க்காரங்களுக்கும் அந்தாண்டேர்ந்து நுனி தெரியுது, காலனிக்காரன் போட்டதுன்னு தெரியுது, எதுக்குப் போட்டான்னு தெரியல. தொட்டா கலவரத்துல கொண்டு போய் வுடும்னு அவங்களும் தொடல. ஒருத்தனும் ஒருத்தன நம்பாததால அந்த முள்ளு பாட்டுக்கு நின்னுச்சி. ஆளுங்க வரப்பு மேல நடந்து போய் வேலை பாத்துட்டு வந்தாங்க. மாட்ட மட்டும் இழுக்க முடியல.

எங்க வூட்டுக்கு நெருப்பு வாங்க ஒருத்தரும் வரல. அக்கா அடுத்த வூட்ல மொறம் கேக்கப் போனா, இல்லன்னு சொல்லிட்டாங்களாம், மொறம் வாசல்லியே கெடந்ததாம். அக்கா பாட்டு நின்னுபோச்சி. கொக்கிய எடுத்து பெட்டியில வச்சிட்டாங்க. நாட்டாமை ஆள் அனுப்பினாரு, ஞாயித்துக்கிழமை எங்க மாதா கோயில் ஜெபம் முடிஞ்சதும் தெரு கூடுது, அதுல ஒரு முடிவு சொல்லணும், இல்லன்னா பாக்கு மாத்தறதுக்கு ஒரு ஆளும் வரமாட்டான்னு.

எனக்கும் நைனா மேல சந்தேகம் வந்திச்சி. சொல்றதுல இன்னா வெக்கம், தெருவே சந்தேகப்படறப்ப நான் மட்டும் எங்க போவேன்? அவரு தூங்கறப்ப கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. கவைக்கோல வச்சிப் போட்டிருந்தா கீறல் எப்படி வரும்? கவைக்கோலப் போய்ப் பாத்தேன். எரவானத்துல சொருகினது சொருகின மாரி, மேல ஒட்டடை கட்டிக்கினு இருந்திச்சி. அப்பறம் யாரு?

வெள்ளிக்கிழமை பண்ணை நஞ்சையில நடவு. ஆம்பளைங்க ரோசத்தோட இருந்தாலும் நடவு நிக்கக்கூடாது இல்ல, பொம்பளைங்க போனாங்க. நானும் நாத்துக்கட்டு எடுத்துப் போடப் போனேன். அந்த வெயில்ல, வேர்த்து ஊத்தற வெயில்ல, எல்லாரும் முந்தானைய இழுத்துக் கைய மூடிக்கினு நடந்து வந்தாங்க. வரப்புல நின்னு பாத்துக்கினு இருந்தேன். சேத்துல எறங்கி மொத நாத்த ஊணக் கைய வுட்டாங்க பாருங்க, வரிசையா அத்தினி பேரும் ஸ்ஸ்ஸுன்னு மூச்ச இழுத்தாங்க. எங்க அம்மா, எதிர்வூட்டு சித்தி, அக்கம்பக்கத்து வூட்டுக்காரிங்க, கடைசியில நின்ன நாட்டாமை பொண்டாட்டி பெரிம்மா வரைக்கும். சேத்துத் தண்ணி பட்டு எரியுது. முழங்கை வரைக்கும் ஒவ்வொரு கையிலும் சிவப்பு சிவப்பா கீறலு.

ஓடிப் போய் அம்மா கிட்ட நின்னேன். அவங்க நிமிரவே இல்ல, நட்டுக்கினே பேசினாங்க.

"கண்ணு கீதுன்னு எல்லாத்தையும் பாக்கக்கூடாது. பாத்தாலும் வாய் தொறக்கக்கூடாது"ன்னாங்க.

அப்ப எனக்கு பாதிதான் புரிஞ்சிது. மீதி பின்னால அவங்களே சொல்லிக் கேட்டதுதான். எதிர்வூட்டு சித்தப்பா போன பிறகு பொம்பளைங்க ஆம்பளைங்க கிட்ட கெஞ்சிப் பாத்திருக்காங்க, போகாதீங்கன்னு. பண்ணை கூப்டா போகாம எப்படின்னு ஒதறிட்டாங்க. சொன்னா கேக்கமாட்டாங்க, ஆனா ரோசம் வந்தா கேப்பாங்க. ஊர்க்காரன் அடைச்சிட்டான்னு நெனச்சா கோவத்துல போகமாட்டாங்க இல்ல? அதான் திட்டம். வெறகு வெட்டப் போற மாரி போய் முள்ளு வெட்டி, ஆள் அசந்த நேரம் பாத்து அடைச்சிட்டாங்க. கவைக்கோல் கேட்டா சந்தேகம் வரும்னு வெறும் கையில. எல்லாம் சரியாப் பண்ணவங்க, கட்டையக் கையில புடிச்சி இழுத்தாந்து, காலங்காலமாப் போடற மாரியே நுனிய அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. ஊர்க்காரன் போட்டதாக் காட்டணும்னா நுனி நம்ம பக்கம் இல்ல வரணும்? ஒருத்திக்கும் தோணல. கை பழகின வேலை, புத்தியக் கேட்டா செய்யும்?

அம்மா ஏன் வாய் தொறந்து சொல்லலன்னு பின்னால நான் கேட்டிருக்கேன். சொன்னா பொம்பளைங்க போட்ட முள்ளாடான்னு அடுத்த நிமிசமே பிச்சி எறிஞ்சிட்டு மாடு இழுக்கப் போயிருப்பானுங்க, அதுல உங்க நைனாதான் மொத ஆளுன்னாங்க. சொல்லாம இருந்தா புருசன தெரு தள்ளி வச்சிடும், பெத்த பொண்ணு கல்யாணம் நின்னுபோகும். சொல்லிட்டா புருசன் கையில கருப்புப் புண்ணு வரும். அந்த வாரம் பூரா அம்மா சரியாத் துன்னல. ஒல கொதிக்கறதக்கூடப் பாக்காம அடுப்பையே பாத்துக்கினு ஒக்காந்திருப்பாங்க.

ஞாயித்துக்கிழமை வந்திச்சி. கூரைக் கோயில்ல ஜெபம் முடிஞ்சி, உபதேசியார் ஆசீர்வாதம் சொன்னதும் எல்லாரும் நேரா முள்ளாண்ட போனாங்க. நாட்டாமை பேச வாயத் தொறக்கறாரு, அந்தாண்டேர்ந்து பண்ணையோட மேஸ்திரி கூவறாரு. பண்ணையோட பெரிய ஏர் மாடு விடியக்காலம் செத்துப்போச்சாம். எங்க நைனா கன்னுக்குட்டியிலேர்ந்து வளத்த மாடு அது. முள்ள எடுத்துட்டு வந்து இழுத்துக்கினு போங்கடா, இல்லன்னா காலனியில ஒருத்தனுக்கும் இனிமே வேலை இல்லன்னு பண்ணை சொல்லிட்டாருன்னாரு.

ரோசமெல்லாம் அங்கியே எறங்கிப்போச்சி. நாட்டாமை எங்க நைனாவப் பாத்துத் திரும்பினாரு. போட்ட கையாலியே எடுத்துடு, மொத ஆளாப் போய் மாட்ட இழு, தெரு உன் கூட நிக்கும், பொண்ணு பாக்கு நான் மாத்தறேன்னாரு. இல்லன்னா உன் வூட்டு வாசப்படிய ஒருத்தனும் மிதிக்கமாட்டான்னாரு. அக்கா என் தோளப் புடிச்சிக்கினு இருந்தாங்க, நகம் பதியற மாரி புடிச்சாங்க.

நைனா வூட்டுக்குப் போய் கவைக்கோல எடுத்துக்கினு வந்தாரு. மொதக் கெளைக்கு அடியில கோல வுட்டுத் தூக்கினாரு. தூக்கினவரு அப்படியே நின்னுட்டாரு. பாதிக் கெளை காத்துல, பாதி தரையில. கீய குனிஞ்சி அடுக்கின விதத்தப் பாத்தாரு. ஆம்பளைங்க முள்ளு போட்டா மேல ஏறி மிதிச்சி அமுக்குவாங்க, கீய ஒரு ஆட்டுக்குட்டி பூற எடம் வுடமாட்டாங்க. இதுல கீய அவ்ளோ சந்து இருந்திச்சி. கெளைங்க கைக்கு எட்டற ஒசரத்துல ஒண்ணு மேல ஒண்ணு சும்மா வச்சதுதான்.

"இது ஆம்பள போட்டது இல்ல"ன்னாரு, மெதுவா.

இன்னாடா சொல்றன்னு நாட்டாமை கேட்டாரு. நைனா திரும்பிப் பொம்பளைங்க கூட்டத்தப் பாத்தாரு. அம்மாவத்தான் பாத்தாருன்னு நான் சொல்வேன். அம்மா கூட்டத்த வுட்டு முன்னால வந்தாங்க. முந்தானைய ஒதறிட்டு ரெண்டு கையையும் நீட்டினாங்க.

"எடுய்யா. எடுத்துட்டுப் போய் அத்த இழுத்துட்டு வா. அப்பறம் நானும் எதிர்வூட்டுக்காரி மாரி ஒக்காந்துக்கறேன்"னாங்க.

எதிர்வூட்டு சித்தி கைப்புள்ளைய எங்க அக்கா கிட்ட குடுத்துட்டு வந்து அம்மா பக்கத்துல நின்னு கைய நீட்டினாங்க. அப்பறம் ஒவ்வொருத்தியா வந்தா. கடைசியில நாட்டாமை பொண்டாட்டி பெரிம்மா. அந்தம்மா நல்ல கனம், மெதுவாத்தான் வருவாங்க. வந்து அவங்க வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேரா கைய நீட்டி, ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாங்க. நாட்டாமை துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு, மறுபடியும் எடுத்துக் கையில வச்சிக்கினாரு, எங்க வைக்கறதுன்னு தெரியாம கடைசியில அத்த விரிச்சி அது மேலியே ஒக்காந்துட்டாரு.

நைனா தூக்கின கெளையக் கீய எறக்கினாரு. எடுத்துப் போடல. இருந்த எடத்துலியே வச்சி, கோலால தள்ளி, கால வச்சி மிதிச்சாரு. அடுத்த கெளையத் தூக்கி சந்து இருந்த எடத்துல சொருகினாரு. எல்லாக் கட்டையும் நம்ம பக்கம் வர்ற மாரி வரிசையா, பண்ணை நாத்தங்காலுக்குப் போடற மாரி சுத்தமா அடைச்சாரு. வாலிபப் பசங்க நாலஞ்சி பேரு போய் ஆளுக்கொரு கெளைய இழுத்தாந்து குடுத்தாங்க. அவரு வேலை செய்யறத அத்தினி பேரும் நின்னு பாத்தோம்.

அந்தாண்ட மேஸ்திரிக்குப் பொறுமை போச்சி. எவன்டா அங்க, வர்றீங்களா இல்லியான்னு கத்தினாரு. பதில் சொல்றது நாட்டாமை வேலை. அவரு ஒக்காந்துகினு இருந்தாரு. நைனாதான் சொன்னாரு. மேஸ்திரி பேரச் சொன்னாலே தலையில கட்டின துண்டு தன்னால அவுந்து கைக்கு வந்துடும் அவருக்கு. அன்னிக்கி துண்டு தலையிலியே இருந்திச்சி.

"வர்றதுக்கு வயி இல்ல மேஸ்திரி. நாங்கதான் அடைச்சோம். நாங்க வரமாட்டோம்"னாரு.

சொல்லிட்டு, அந்த மாடு செத்ததுக்கு அங்கியே நின்னு அழுதாரு.

பண்ணை அவர வேலைய வுட்டுத் தூக்கிட்டாரு. மத்தவங்களையும் தூக்கினா நடவு நின்னுபோகும்னு அவங்கள வுட்டுட்டாரு. அப்பறம் கொஞ்ச காலம் பாலாத்துல மணல் வாரப் போனாரு. போலீசு வரும் போலீசு வரும்னு எல்லாரும் பயந்துகினு இருந்தோம். வந்தது மாட்டு டாக்டருதான். செத்த மாட்ட இழுக்கவும் கூடாது, உரிக்கவும் கூடாது, செத்த எடத்துலியே ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கணும்னு ரெண்டு பக்கமும் போய்ச் சொன்னாரு. எங்க நாட்டாமை தலைய ஆட்டிக்கினு, அதான் சார் நாங்க முன்னாடியே அடைச்சிட்டோம்னாரு. பெரிம்மா சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டுச்சி. பண்ணை மாட்ட மேஸ்திரியும் பண்ணையோட மச்சானும் மூக்கக் கட்டிக்கினு அவங்க தோப்புலியே பொதைச்சாங்களாம். அதுக்கப்பறம் எங்க தெரு ஆளுங்க மாடு இழுக்கப் போனதே இல்ல.

முள்ளு மட்டும் அப்படியே இருந்திச்சி. இன்னும் எங்கியாவது மாடு சாவுதான்னு பாத்துட்டு எடுக்கலாம்னு பொம்பளைங்க சொல்லிட்டாங்க. அதுக்குள்ள பாக்கு மாத்தற நாள் வந்திடுச்சி.

ஓரிக்கைக்காரங்க பஸ்ஸ வுட்டு எறங்கி ஊர் வயியா வந்தவங்க முள்ளப் பாத்து நின்னுட்டாங்க. எங்க ஆளுங்க ஓடிப் போய் வரப்பு மேல கூட்டிக்கினு வந்தாங்க. தட்டு தூக்கினவங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா சேத்துல கால் வுட்டு ஏறி வந்து சேந்தாங்க. மாப்ளையோட அம்மா கடைசியா வந்தாங்க. பொடவையில சேறு, மூஞ்சியில சந்தேகம். வந்து பாயில ஒக்காந்தவங்க தண்ணி குடுத்தா வாங்கல. கண்ணு பாதைப் பக்கமே போய்க்கினு இருந்திச்சி. தெரு பூரா எங்க வூட்டு வாசல்ல நிக்குது, நாட்டாமை தட்டக் கையில வச்சிக்கினு கீறாரு, எல்லாம் கூடி வந்த நேரத்துல இந்தம்மா எழுந்து போய்டுவாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். அக்கா உள்ள நின்னுக்கினு கதவு சந்துல பாத்துக்கினு இருந்தாங்க.

"இன்னா சம்பந்தி, மாப்ள வர்ற பாதையில முள்ளு போட்டு கீது. யாரு போட்டது?"ன்னு கேட்டாங்க அந்தம்மா.

எல்லாரும் நாட்டாமையப் பாத்தாங்க. அவரு எதனா சமாளிச்சி சொல்லிடுவாருன்னு நெனச்சேன். அம்மா அதுக்கு எடம் வுடல.

"நாங்கதான் போட்டோம் சம்பந்தி. செத்த மாட்ட இழுக்க எங்க ஆம்பளைங்கள அனுப்பக்கூடாதுன்னு பொம்பளைங்க நாங்க போட்டோம்"னாங்க. எதிர்வூட்டு சித்திய இழுத்துக்கினு வந்து பக்கத்துல நிக்க வச்சாங்க. அந்தத் தாலியில்லாத கழுத்தையும் இடுப்புல கீற புள்ளையையும் அந்தம்மா பாத்தாங்க.

பாத்துட்டு எழுந்துட்டாங்க. அவ்ளோதான் போச்சின்னு நான் கண்ண மூடிக்கினேன். தொறந்து பாத்தா, அந்தம்மா தெருவுல எறங்கி முள்ளப் பாத்துத்தான் நடக்கறாங்க. நாங்க எல்லாம் பின்னால போனோம். முள்ளாண்ட போய்க் குனிஞ்சாங்க. ஒரு கட்டையக் கையில புடிச்சி ஆட்டிப் பாத்தாங்க, அசையல.

எங்க ஊர்லியும் மாடு சாவுது, என் தம்பியும் போன மாசம் இதுலதான் போனான்னாங்க. அழுவறாங்கன்னு அப்பறம்தான் தெரிஞ்சிது. எங்க அம்மா கையப் புடிச்சி, அந்தக் கீறல் மேல அவங்க கைய வச்சாங்க.

"எங்க ஊர்ல இன்னும் ஒருத்தியும் போடல. இத்த எப்படிப் போடறதுன்னு மொதல்ல காட்டு, அப்பறம் பாக்கு மாத்தலாம்"னாங்க.